சட்டநூலும் மனைநூலும்

எம் தமையனார் எம்மினும் ஓராண்டே மூத்தவர். பள்ளிப்படிப்பு முடிந்தபின் யாம் இக்கல்லூரியிற் புகுந்து தமிழ் பயிலலாயினோம். அவரோ எம்மூரில் வீடு கட்டித்தரும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்கெழுதச் சேர்ந்தார். செங்கல்லும் சிமிட்டியும் கம்பியும் வந்திறங்கும் கணக்கை இரண்டாண்டு எழுதிவந்தவர்க்கு மேற்கொண்டு கற்கவேண்டும் என்னும் விருப்பம் மிகுந்தது. ஆஸ்திரேலிய நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சட்டக்கலையையும் மனைவளர்ச்சிக் கலையையும் ஒருங்கே கற்பித்து, ஐந்தாண்டளவில் இரண்டு பட்டங்களையும் ஒருசேர வழங்குகின்றனர் என அறிந்து, அவற்றுள் ஒன்றிற்கு விண்ணப்பம் எழுதினார். சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில், இடம் உண்டு என்னும் விடை வந்தது.

அன்றிரவு உணவின்போது எந்தையார் வினவினார்: "சட்டம் படித்தவர் கோர்ட்டுக்குப் போவார், கட்டடம் கட்டுகிறவர் வெயிலில் நிற்பார். இரண்டையும் ஒருவரே எதற்குப் படிக்க வேண்டும், தம்பி?" தமையனார் விடைகூறத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "படித்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும், அப்பா" என்றார்.

அவ்வினாவிற்கு விடைகாணும் முயற்சியே இக்கட்டுரை. யாம் சட்டம் பயின்றவரல்லேம். கட்டடத் தொழிலும் அறியேம். தமையனார் தருவித்து வைத்திருந்த பாடத்திட்டங்களையும் நூல்களையும் அவர் கொண்டுசெல்ல நேராமற் போனமையின் யாம் படித்தோம். அங்ஙனம் நேராமற் போன காரணமே எம் பாடத்தின் முதலேடாயிற்று. அதனை முன்னர்க் கூறுவாம்.

அப்படிப்பிற்கு வேண்டிய பொருள் எம் குடும்பத்தில் இல்லை. கடன் கொடுக்க இசைந்த வங்கியார் ஈடு கேட்டனர். எம்பால் உள்ள ஈடு பாட்டனார் காலத்து வீடும் அதனைச் சூழ்ந்த 12 சென்ட் நிலமுமே. அவற்றின் பத்திரங்களை வாங்கிச் சென்ற வங்கி வழக்கறிஞர், பத்து நாட் கழித்து அவற்றைத் திருப்பியனுப்பினார். 1971ஆம் ஆண்டிற் பாட்டனாரும் அவர் உடன்பிறந்தாரும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில், சர்வே எண் 114 என்றிருக்க வேண்டிய இடத்தில் 141 என்றிருந்தது. எழுதினவர் கைத்தவறு, ஐம்பதாண்டிற்கு மேலாக எவர் கண்ணிலும் படாத தவறு. பட்டாவில் ஓர் எண், பத்திரத்தில் வேறோர் எண். அவ்வீட்டிலேயே எந்தையார் பிறந்தார்; பாட்டியார் இறந்தார்; வரி கட்டிய சீட்டுக்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய உள்ளன; எதிர்வழக்காடுவார் ஒருவருமிலர். ஆயினும் அவ்வீடு எமதென்று ஏடு கூறவில்லை. நிலவுரிமையைப் பற்றிக் கற்கப் புறப்பட்டவர், தம் நிலவுரிமையைக் காட்டமாட்டாமையால் வாயிலிலேயே நின்றுவிட்டார்.

நிற்க. இரண்டெண்கள் இடம்மாறியது ஒரு குடும்பத்தை இத்துணைத் தடுத்தல் எதனாலாயிற்று? நம் நாட்டில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அரசாங்கத்தார் பதிவது பத்திரத்தையே, உரிமையையன்று. இன்னார் இன்னார்க்கு இன்ன நிலத்தை விற்றதாக ஓர் ஏடு எழுதப்பெற்று அலுவலகத்திற்கு வந்தது என்பதற்கே பதிவு சான்றாகும். விற்றவர்க்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அஃது உறுதி கூறாது. ஆதலின் நிலம் வாங்குவார் ஒவ்வொருவரும் தாய்ப்பத்திரம் வரையிற் பின்னோக்கிச் சென்று, கைம்மாறிய ஒவ்வொரு முறையையும் ஆராய்தல் வேண்டும். வில்லங்கச் சான்று பெற்றுப் பார்த்தல் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி பழுதாயின் அதன்பின் வந்தன யாவும் ஐயத்திற்கு இடமாம்.

இவ்விடர் இன்று நேற்றுத் தோன்றியதன்று. எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தூர் நிலத்தைப் 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கியகாலை, முத்திரையிட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பத்திரம் ஒன்றுமாகக் கொண்டு, அவை நெடுநாள் நிற்கும்பொருட்டு மட்பாண்டத்தில் இடுவித்தார் என வேதாகமத்திற் படிக்கிறோம். சோழர் செப்பேடுகளிற் கொடைநிலத்தைச் சுற்றிப் பிடியானையை நடத்தி, எல்லையிற் கல்லும் கள்ளியும் நட்ட செய்தி வருதலைத் தமிழ் மாணாக்கர் அறிவர். ஏடு அழியும் என்னும் அச்சமும், எல்லை மறந்துபோம் என்னும் அச்சமும் மக்களை நெடுங்காலமாக வருத்தி வந்தன.

இதற்கு வேறொரு மருந்து 1858ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிற்று. தமையனார் செல்லவிருந்த நாட்டின் நிலச்சட்டம் முழுவதும் அதனையே அடிப்படையாகக் கொண்டமையின் சற்று விரித்துரைப்பாம். அதனைக் கொணர்ந்த ராபர்ட் ரிச்சர்ட் டாரென்ஸ் என்பார் அயர்லாந்தின் கார்க் நகரில் 1814இற் பிறந்தவர். 1840இல் அடிலெயிடு நகரையடைந்து சுங்கத்துறையில் அலுவல் பார்த்தவர். அவர் வழக்கறிஞரல்லர். அதனாலேயே அவர்க்கு இது தோன்றியது போலும்! துறைமுகத்திற் கப்பல்கள் கைம்மாறும் முறையை அவர் கண்டிருந்தார். கப்பலுக்கு ஒரு பதிவேடு உண்டு. விற்றவர் பெயரை நீக்கி வாங்கியவர் பெயரை அதில் எழுதிவிடின் கப்பல் கைம்மாறிவிடும். அதன் முப்பதாண்டு வரலாற்றை எவரும் துருவுவதில்லை. கடலில் அலையும் பொருளுக்கு இயலுவது, அசையாத நிலத்திற்கு இயலாதது ஏன் என அவர் வினவினார். ஹாம்பர்க் நகரினின்று அங்குக் குடியேறியிருந்த உல்ரிக் ஹூபே என்னும் சட்ட அறிஞர், தம் நகரத்து நிலப்பதிவு முறையை எடுத்துக்காட்டி உதவினார். வழக்கறிஞர் பலர் எதிர்த்தனர். 1858 ஜனவரி 27இல் சட்டம் நிறைவேறி, ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தது. டாரென்ஸே பதிவாளர் தலைவராக அமர்ந்து அதனை நடத்திக் காட்டினார். பின்னர் ஏனை ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும், நியூசிலாந்தும், மலாய் நாடுகளும் அம்முறையை மேற்கொண்டன. இலங்கையிலும் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உரிமைப்பதிவிற்கு வழிவகுத்தது.

டாரென்ஸ் முறையின் உயிர்நாடி யாதெனின், பதிவேட்டிற் பெயர் ஏறுதலே உரிமையைப் பிறப்பிக்கும் என்பது. பத்திரம் உரிமையைத் தராது, பதிவே தரும். ஆங்கிலேய நிலப்பதிவு அறிஞராகிய ருவோப் என்பவர் 1957ஆம் ஆண்டில் இதன் இயல்புகளை மூன்று உருவகங்களால் விளக்கினார். பதிவேடு ஒரு கண்ணாடி. நிலத்தின்மேலுள்ள உரிமைகளை உள்ளவாறு காட்டும். அஃதொரு திரை; அதற்கப்பாற் பழைய பத்திரங்களைத் தேடவேண்டுவதில்லை. அஃதொரு காப்புறுதியுமாம், முறையின் பிழையால் ஒருவர் நிலமிழப்பின் அரசாங்க நிதியினின்று இழப்பீடு பெறலாம். இம்முறை எம்மூரில் இருந்திருப்பின் 1971ஆம் ஆண்டுப் பத்திரத்தை எவரும் விரித்தே பாரார்.

ஆயின் மருந்திலும் கசப்புண்டு. ஆக்லாந்து நகரையடுத்த ஒரு நிலம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகியிருந்தது. மனைவி, கணவன் கையொப்பத்தைத் தாமே பொய்யாக இட்டு, அந்நிலத்தை அடகுவைத்து 3,000 பவுன் கடன் பெற்றார். கடன் திரும்பவில்லை, கடன் கொடுத்தோர் நிலத்தை ஏலமிட்டனர், குற்றமறியாத ஒருவர் அதனை வாங்கிப் பதிந்துகொண்டார். கணவர்க்கு அதன்பின்னரே செய்தி தெரிந்தது. பொய்க்கையொப்பத்தினின்று எங்ஙனம் உரிமை பிறக்கும் என அவர் வழக்காடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1967இல் அம்மன்றத்தார், வஞ்சனை அறியாது வாங்கிப் பதிந்தவர்க்கே நிலம் உரியது என்றனர். 'பிரேசர் எதிர் வாக்கர்' என வழங்கும் இத்தீர்ப்பை ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமாகிய ஹைகோர்ட்டும் 1971இல் பின்பற்றியது. யாம் இதனை முதன்முறை படித்தபோது அநீதி என்றே எண்ணினோம். மறுமுறை படித்தபோது, அக்கணவர்க்கு நிலத்தை மீட்டளிப்பின் வாங்கியவர் அநீதிக்குள்ளாவார் என்பது தோன்றிற்று. குற்றமற்ற இருவருள் ஒருவர் இழந்தே தீரவேண்டிய இடத்தில், எவர் இழப்பர் என்பதைச் சட்டம் முன்கூட்டியே சொல்லிவைக்கின்றது. இழந்தார்க்குப் பணம் கிடைக்கலாம். தாம் நட்ட மாமரம் கிடையாது.

கண்ணாடியில் தெரியாத முகங்களும் உண்டு. தாரெசு நீரிணையிலுள்ள மேர் என்னும் தீவிற் பிறந்த எடி கொய்கி மாபோ என்பவர், டவுன்ஸ்வில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்துவந்தார். மேர்த் தீவில் தமக்கு நிலமுண்டு என அங்குள்ள வரலாற்றாசிரியர் இருவரிடம் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டப்படி அஃது அரசிக்குரிய நிலமே என அவர்கள் வருத்தத்தோடு எடுத்துக்கூற நேர்ந்தது. மாபோ அதனை நம்பவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தம் முன்னோர் எல்லை வகுத்துப் பயிரிட்ட தோட்டம் அது. 1982இல் அவரும் அவர் தீவினர் சிலரும் தொடுத்த வழக்கு பத்தாண்டு நடந்தது. 1992 ஜூன் 3ஆம் நாள் ஹைகோர்ட்டின் நீதிபதிகள் எழுவருள் அறுவர் மேர் மக்களின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தனர். ஆங்கிலேயர் வந்தபோது அந்நாடு எவர்க்கும் உரியதன்றாயிருந்தது என்னும் பழைய கொள்கை அத்தோடு வீழ்ந்தது. மாபோ அத்தீர்ப்பைக் கேட்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே இறந்துபோனார். அடுத்த ஆண்டிற் பூர்வகுடியினர் நிலவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் முன்னரே தனியார்க்கு முழுவுரிமையாக முறைப்படி வழங்கப்பட்டுவிட்ட நிலங்களில் அப்பழைய உரிமை மீண்டும் தளிர்ப்பதில்லை. சிட்னி, மெல்போர்ன் போன்ற பெருநகரங்களில் மாளிகை எழுப்புவார் ஏந்திய உரிமைச்சான்றின் அடியில் இவ்வரலாறு உறங்குகின்றது. மனைவளர்ச்சி பயில்வார் இதனைச் சட்ட வகுப்பிலன்றி வேறெங்குக் கேட்பர்?

அவ்வாண்டே, பிரீஸ்ட்லி என்னும் நீதிபதியைத் தலைவராகக் கொண்ட குழுவினர், ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராவார் எல்லோரும் கற்றேயாக வேண்டிய 11 பாடங்களை வகுத்தனர். ஒப்பந்தம், தீங்கியல், சொத்துரிமை, நியாயநெறி, குற்றவியல், அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், கம்பெனிச் சட்டம் முதலியன அவை. இரட்டைப் பட்டம் பெறுவார்க்கும் அவற்றுள் ஒன்றும் குறைவதில்லை.

இனி மனைநூற் பகுதிக்கு வருவாம். எம் பாட்டியார் இருந்திருப்பின் இதனை மனையடி சாஸ்திரம் என்றே கருதிக் கிணறு எந்த மூலையில் வரவேண்டும் எனத் தமையனாரைக் கேட்டிருப்பார். அதுவன்று இது. நிலத்தை மதிப்பிடுதல், நகரமைப்பு விதிகளை அறிதல், கட்டடப் பொருள்களின் இயல்பையும் விலையையும் உணர்தல், கடன் திரட்டுதல், வாடகையும் விற்பனையும் கணித்தல் ஆகியன இதன்கண் அடங்கும். இவற்றுள் எம் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது ஒரு கணக்கு. அதனை எச்சவிலைக் கணக்கு எனலாம். நிலத்தின் விலை யாது என அவர்கள் கேட்பதில்லை. அந்நிலத்தில் எழுப்பப்போகும் கட்டடம் எவ்வளவிற்கு விற்கும் எனக் கேட்டு, அதினின்று செலவையும் இலாபத்தையும் கழித்து, எஞ்சுவதே நிலத்திற்குக் கொடுக்கத்தக்க விலை என்கின்றனர். வேலையாளின் கூலியும் வட்டிக்காரரின் வட்டியும் போக மிஞ்சியதே மண்ணிற்கு!

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். எண்கள் யாம் கற்பித்துக்கொண்டவை. ஒருவர் 20 வீடுகள் கட்டி, வீடொன்று 6 இலட்சம் டாலராக விற்கக் கருதுகிறார் எனக் கொள்வோம். வரவு 120 இலட்சம். கட்டடச் செலவு 70 இலட்சம், வரைபடம், அனுமதி முதலியவற்றிற்கு 8, வட்டி 6, இலாபம் 20. கூட்ட 104 ஆகும். எஞ்சுவது 16 இலட்சம், அதுவே நிலவிலை. இப்பொழுது வீட்டு விலை பத்தில் ஒரு பங்கு குறைந்தது எனக் கொள்க. வரவு 108 ஆகும். செலவும் இலாபமும் மாறாவெனின், நிலத்திற்கு எஞ்சுவது 4 இலட்சமே. வீட்டு விலை பத்தில் ஒரு பங்கு குறைய, நில விலை நான்கில் மூன்று பங்கு போயிற்று. நிலத்தை முன்னரே 16 இலட்சத்திற்கு வாங்கிவிட்டவரோ தம் இலாபம் 20இலிருந்து 8 ஆகச் சுருங்கக் காண்பர். அவர் கண் அப்போது எங்கே செல்லும்? பெருந்தொகையாகிய 70இன்மேற் செல்லும். கம்பியிற் சிறிது, காரையிற் சிறிது, நீர்க்காப்புப் பூச்சிற் சிறிது குறைத்தாலென்ன என்னும் எண்ணம் பிறக்கும். எம் தமையனார் கணக்கேட்டிலிருந்து எமக்கு முன்பே சொல்லிய செய்தி இதுவே. ஆயின் அது தீயவர் சிலரின் குணம் என யாம் கருதியிருந்தோம். கணக்கே அங்ஙனம் ஒருவரை நெருக்கும் என்பதை இப்பாடத்தால் அறிந்தோம்.

இவ்விரு கலைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இடம் அடுக்குமாடி வீடு. மண்ணில் நிற்கும் வீட்டிற்குச் சட்டம் துணை. வானில் நிற்கும் வீட்டிற்கோ சட்டமே அடித்தளம். ஏழாம் மாடியில் ஒருவர் வாங்குவது யாது? நிலமன்று. முன்னாளில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற் கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குரியதாக, குடியிருப்பார் அதன் பங்குகளை வாங்குவர். அங்ஙனம் வாங்கியதை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பாரைக் காண்டல் அரிதாயிருந்தது. ஹாலந்து தேசத்தினின்று வந்த கட்டடப் பொறியாளர் டஸல்டார்ப் என்பார், புதியதொரு சட்டமின்றி இத்தொழில் வளராது எனக் கண்டு அதன்பொருட்டு முயன்றார். 1961இல் அம்மாநிலம் அடுக்குமாடி உரிமைச் சட்டத்தை இயற்றிற்று. இன்றைய முறைப்படி, சுவர்களின் உட்புறத்திற்கும், தரையின் மேற்புறத்திற்கும், கூரையின் கீழ்ப்புறத்திற்கும் இடைப்பட்ட வெளியே ஒருவர் தனியுரிமை. அதற்கு டாரென்ஸ் பதிவேட்டில் தனியேடும் உண்டு. புறச்சுவர், படிக்கட்டு, தூண், கூரை, நிலம் ஆகியவை வீட்டுடையார் அனைவரும் அடங்கிய கூட்டமைப்பின் பொறுப்பில் நிற்கும். சிங்கப்பூர் முதலிய நாடுகள் இம்முறையைத் தழுவின. ஒரு பொறியாளரின் தொழில் தேவையே ஒரு சட்டத்தைப் பிறப்பித்தது என்பதைக் கண்டபோது, எந்தையார் வினாவிற்குப் பாதி விடை கிடைத்தது என மகிழ்ந்தோம்.

மறுபாதி அத்துணை மகிழ்ச்சி தருவதன்று. சிட்னி ஒலிம்பிக் பார்க் பகுதியில் 36 மாடியும் 392 வீடுகளும் கொண்ட ஓபல் டவர் என்னும் கட்டடம் 2018இல் முடிவுற்றது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்பின் முன்னாள், அதனுள் விரிசல் விழும் பேரோசை கேட்டது, குடியிருந்தார் வெளியேற்றப்பட்டனர். பண்டிகைக்குச் சமைத்தது அடுப்பிலிருக்க, குழந்தைகளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியோரை யாம் மனக்கண்ணாற் காண முயன்றதுண்டு. பின்னர் ஆராய்ந்த பொறியியற் பேராசிரியர்கள், சில விட்டங்கள் விதிகள் வேண்டும் வலிமையோடு வகுக்கப்படவில்லை எனவும், கட்டியதிலும் குறையிருந்தது எனவும் கண்டனர். 2019 ஜூன் 14இல் அந்நகரின் மாஸ்கட் பகுதியிலுள்ள 132 வீடுகள் கொண்ட மற்றொரு கட்டடமும் விரிசலாற் காலிசெய்யப்பட்டது. அது கட்டிப் பத்தாண்டிற்கு மேலாயிற்று. கட்டினவரை வீட்டுடையார் பிடிப்பதற்குச் சட்டம் குறித்த கெடு கடந்துபோயிற்று. வசிக்க இயலாத வீட்டிற்கு வங்கித்தவணை கட்டிக்கொண்டு, வேறிடத்தில் வாடகையும் கொடுத்து வாழ்ந்தோர் பலர்.

இவ்விடத்திற் சட்டம் அவர்க்கு என் செய்தது? 2014இல் ஹைகோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. கட்டுவோர் ஒப்பந்தம் செய்தது மனைவளர்ச்சியாளரோடு. வீட்டுடையாரின் கூட்டமைப்போ அவ்வொப்பந்தத்திற்குப் புறம்பானது. ஆதலாற் பொதுச்சுவரின் குறையாலாகிய பணவிழப்பிற்கு, அவ்வழக்கிற் கண்ட நிலையில், கட்டினவர் அதற்குக் கடமைப்பட்டவரல்லர் என்பது அதன் சாரம். ஒப்பந்தநூல் வழியே நோக்கின் தீர்ப்பு நேரியதே. ஆயினும் விட்டம் வளைந்தால் அதன்கீழ் இருப்பவர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவரல்லர். அவ்வொப்பந்தம் எழுதப்பட்ட நாளில் அவர் யாரென்றே எவர்க்கும் தெரியாது. ஓபல், மாஸ்கட் நிகழ்ச்சிகளுக்குப்பின், 2020இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டசபையார் புதிய சட்டமியற்றி, கட்டட வேலை செய்வார் பின்வரும் உடைமையாளர்க்கும் கவனக்கடமை பூண்டவரே என விதித்தனர். முன்னைப் பத்தாண்டில் வெளிப்பட்ட குறைகளுக்கும் அது செல்லும் என்றனர்.

இரண்டு கல்வியையும் ஒருவரே கற்க வேண்டும் என்பதற்கு யாம் காணும் காரணம் இதுதான். 70இற் சிறிது குறைக்கலாமா என எண்ணுபவர்க்கு, அக்குறைவு பத்தாண்டு கழித்து எவர் தலையில் விழும் எனத் தெரியாது. தெரிந்த வழக்கறிஞரோ விரிசல் விழுந்தபின்னரே அழைக்கப்படுகின்றார். விட்டத்தை வரையும் நாளிலேயே அவ்விரண்டு அறிவும் ஒரே மேசையில் இருத்தல் வேண்டும்.

அற்றேல், இரண்டும் கற்றவர் நல்லவரேயாவர் என்பது ஒருதலையோ எனின், அன்று. கட்டிமுடியுமுன் வரைபடத்தைக் காட்டியே வீட்டை விற்றல் அந்நாட்டில் வழக்கு. வாங்குவார் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டுவர். குறித்த நாளுக்குள் வேலை முடியாவிடின் ஒப்பந்தத்தை விடலாம் என ஒரு விதி அதிற் சேர்ப்பதுண்டு. வாங்குவாரைக் காக்க எழுந்தது அவ்விதி. ஆயின் வீட்டு விலை விரைந்தேறிய காலத்து, மனைவளர்ச்சியாளர் சிலர் வேலையைத் தாழ்த்திக் கெடு கடக்கச் செய்து, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டை வேறொருவர்க்கு மிகுவிலைக்கு விற்றனர். சட்டமும் சந்தையும் இரண்டும் அறிந்தவர்க்கே இச்சூழ்ச்சி கைவரும் என்க. 2015இல் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கத்தார், வாங்குவார் இசைவேனும் சுப்ரீம் கோர்ட்டின் ஆணையேனும் இன்றி அங்ஙனம் ஒப்பந்தத்தை முறித்தலாகாது எனச் சட்டஞ்செய்தனர். இதனைத் தமையனாரிடம் சொன்னபோது, "அந்த விதியை யார் கண்டுபிடித்து ஓட்டை போட்டாரோ, அவரும் என் வகுப்பில் முதல் மாணாக்கராக இருந்திருப்பார்" என்றார்.

எம் வீட்டுச் செய்தியைக் கூறாமல் விடின் வாசகர் எம்மை முனிவர். 1971ஆம் ஆண்டுப் பத்திரத்திற்குப் பிழைதிருத்தற் பத்திரம் ஒன்று எழுதிப் பதியவேண்டும். அதற்குப் பாட்டனாரின் உடன்பிறந்தார் வழிவந்தோர் ஒன்பதின்மர் கையொப்பம் தேவை. எண்மர் இட்டுவிட்டனர். அவருள் எம் பெரிய அத்தை, ஒரு காலத்திற் கிணற்றடிச் சண்டையால் எந்தையாரோடு பதினோராண்டு பேசாதிருந்தவர், பேருந்தில் வந்து கையொப்பமிட்டு, மதிய உணவும் உண்டு சென்றார். ஒன்பதாமவர் எமக்குச் சிற்றப்பா முறையினர், பினாங்கில் வாழ்கின்றார். தம் அதிகாரத்தைப் பிறர்க்களிக்கும் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலரின் சான்றோடு அனுப்புவதாக எழுதியிருக்கின்றார். அக்கடிதத்தின் கீழே, மலேசியாவில் தம் வீட்டிற்கு ஒரே ஓர் உரிமைச்சான்று உண்டெனவும், நம்மூரில் இதற்கு ஒன்பது பேர் வேண்டியிருத்தல் தமக்கு வியப்பாயிருக்கின்றதெனவும் குறித்திருந்தார். மலாய் நாடுகள் டாரென்ஸ் முறையை மேற்கொண்ட வரலாற்றை யாம் அவர்க்கு நான்கு பக்கத்தில் எழுதியனுப்பினோம். பத்திரம் எப்பொழுது வரும் என்பதை மட்டும் கேட்டால் போதாதா எனத் தாயார் கடிந்துகொண்டார்.

பல்கலைக்கழகத்தார் வருகின்ற பிப்ரவரி வரை இடத்தை நிறுத்திவைக்க இசைந்துள்ளனர். தமையனார் மீண்டும் கணக்கெழுதிக்கொண்டிருக்கின்றார். ஒப்பந்தக்காரரிடம் வீடு கட்டித்தரக் கேட்டு வருவார் எவராயினும், அளவு கேட்குமுன் அவர்தம் பத்திரத்தையும் பட்டாவையும் வாங்கிச் சர்வே எண்ணை ஒத்துப்பார்க்கின்றாராம். இவ்வாறு பார்த்ததில் இதுவரை மூன்று குடும்பத்தார் திருத்தற் பத்திரம் எழுதப் போயினர். வேலை தாமதமாகின்றது என ஒப்பந்தக்காரர் முணுமுணுக்கின்றார்.